லேண்ட் குரூசர் 200: ஆறு ஆண்டுச் செலவுக் கணக்கு

டொயோட்டா லேண்ட் குரூசர் 200 ஒன்றை 2019ஆம் ஆண்டு பழைய வண்டியாக வாங்கினேன். 2013இல் கோயம்புத்தூரிலேயே பதிவாகி, ஒரே உரிமையாளரிடம் 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்த வண்டி அது. இப்போது மீட்டர் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை தூரத்தில் ஒருமுறைகூட அது நடுவழியில் நின்றதில்லை. அதே நேரத்தில், செலவு குறைவாக இருந்தது என்று சொல்லத்தக்க ஆண்டு ஒன்றும் வந்ததில்லை. “டொயோட்டாதானே, டீசல் போட்டு ஓட்டினால் போதும்” என்ற நம்பிக்கையோடு இந்த வண்டியைத் தேடுகிறவர்கள் என்னிடம் விசாரிப்பதுண்டு. பழுதாகாத வண்டி என்றால் செலவும் வைக்காது என்று அவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் இதை எழுதக் காரணம்.

200 வரிசை 2007 முதல் 2021 வரை உற்பத்தியில் இருந்தது. இந்தியாவுக்கு ஜப்பானிலிருந்து முழு வண்டியாகவே இறக்குமதியானது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு இங்கே அதன் விற்பனை முடிந்தது. 4,461 சி.சி. கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் ‘வி’ வடிவ டீசல் இன்ஜின், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டர்போ, 650 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், எந்நேரமும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் அமைப்பு, லாரியைப் போலத் தனி சேஸிஸ் மேல் உட்கார்ந்த பாடி, ஏறத்தாழ 2.7 டன் எடை. 2015ஆம் ஆண்டின் இறுதியில் முகம் மாறி வந்தபோது ஷோரூம் விலையே ஏறத்தாழ 1.3 கோடி ரூபாய். முழுதாக இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்கான சுங்கவரியை 2013 பட்ஜெட் 75 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தியிருந்ததால், அந்த விலையில் பெரும் பங்கு வரியாகவே போனது. பழைய வண்டியாக வாங்குபவருக்கு அந்த வரிச்சுமை கரைந்துபோய், விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் 2.7 டன் எடையும் எட்டு சிலிண்டரும் இறங்கவில்லை. அவற்றுக்குத் தீனி போடும் செலவு, முதல் உரிமையாளருக்கு என்னவோ அதுதான் நமக்கும்.

தீனியில் முதலாவது டீசல். ஊருக்குள் லிட்டருக்கு 5.5 முதல் 6 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போனால் 8.5 வரை வரும். அதே சாலையில் 110ஐத் தொட்டால் 7.5க்கு வந்துவிடும். செவ்வகப் பெட்டியைக் காற்றுக்கு எதிராகத் தள்ளுவதற்கான விலை அது. அவினாசி சாலை மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு சிக்னல்களில் நின்று நின்று புறப்படும் தொல்லை குறைந்து, நகருக்குள் ஓடும் நாட்களின் மைலேஜ் சற்று ஏறியிருப்பதையும் குறிப்பிட வேண்டும். எல்லாம் சேர்த்து ஆறு ஆண்டுச் சராசரி 7 கிலோமீட்டர். லிட்டர் 92 ரூபாய்க்கு மேல் விற்கும் இன்றைய விலையில், ஒரு கிலோமீட்டருக்கு 13 ரூபாய் டீசலுக்கு மட்டும் ஆகிறது. 93 லிட்டர் கொள்ளும் டேங்கை நிரப்பினால் எட்டரை ஆயிரம் ரூபாய். அந்தத் தொகையைப் பங்கில் கொடுத்துப் பழகுவதற்கு எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

டீசலின் அளவைவிட அதன் தரம்தான் இந்த வண்டிக்குப் பெரிய கவலை. டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எட்டு இன்ஜெக்டர்களும் உயர் அழுத்தப் பம்பும் மிக நுண்ணிய இடைவெளிகளில் இயங்குகிறவை. தண்ணீரும் தூசியும் அவற்றுக்கு ஆகாது. ஒரு மழைக்கால இரவில் மதுரையிலிருந்து திரும்பும் வழியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பங்கில் டீசல் போட்டுக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் வந்திருப்பேன். மீட்டர் பலகையில் ஃபில்டர் விளக்கு எரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்திக் காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தபோது, மேலே மஞ்சளாக டீசலும் அடியில் அரை தம்ளர் அளவுக்குத் தெளிந்த தண்ணீரும் கோடு போட்டதுபோலத் தனித்தனியாக நின்றன. திருகை இறுக்கி, கைப்பம்பை அழுத்திக் காற்றை நீக்கியதும் விளக்கு அணைந்தது. வீடு வந்து சேர்ந்தேன். எச்சரிக்கை விளக்கும் வடிகாலும் தங்கள் வேலையைச் செய்ததால் இன்ஜெக்டர்கள் பிழைத்தன. அன்றிலிருந்து டீசல் ஃபில்டரை 20,000 கிலோமீட்டருக்குக் காத்திராமல் ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றிவிடுகிறேன். எட்டு இன்ஜெக்டர்களின் விலையை ஒருமுறை விசாரித்துவிட்டவர் ஃபில்டர் விலையைப் பேரம் பேச மாட்டார்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ். இன்ஜின் ஆயில் மட்டும் ஒன்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். சாதாரணக் குடும்பக் காருக்கு மூன்றரை அல்லது நான்கு லிட்டர் ஊற்றிப் பழகிய மெக்கானிக் முதல் தடவை கேனை எண்ணிப் பார்ப்பார். இதோடு முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் பெட்டிகளுக்கும் தனித்தனி ஆயில்கள் உண்டு. கியர்பாக்ஸில் ஆயில் அளவைப் பார்க்கும் குச்சி கிடையாது. ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்த பிறகு, அடியிலுள்ள திருகைக் கழற்றி, வழிந்து நிற்கும் அளவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிற இடங்கள் குறைவு. நான் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றச் செய்கிறேன். ‘ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை’ என்று சொல்கிறவர்கள் யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதில்லை.

இந்த வண்டியின் நம்பகத்தன்மை எதைப் பொறுத்தது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் அடிப்பதற்கான சின்னஞ்சிறு வாய். வாங்கிய இரண்டாம் ஆண்டில், சிக்னலில் பிரேக் பிடித்து நிற்கும்போதெல்லாம் அடியிலிருந்து ‘டக்’ என்று ஓர் இடி வரத் தொடங்கியது. பின்னாலிருந்து யாரோ மெதுவாக மோதியதைப் போல இருக்கும். அப்போது நான் சர்வீஸுக்கு விட்டுவந்த பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்று, கணினியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸின் வால்வு பாடியை மாற்ற வேண்டும் என்று சொல்லி இரண்டே முக்கால் லட்சத்துக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தது. மனம் ஒப்பாமல், கோவை கணபதி பகுதியில் பழைய ஜீப்புகளையும் டிராக்டர்களையும் பார்க்கும் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கணினி எதையும் தொடவில்லை. வண்டிக்கு அடியில் போய், சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நடுவே காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைக் கந்தலால் துடைத்து, பட்டாணி அளவு நிப்பிள் ஒன்றை விரலால் காட்டினார்.

“ஏனுங்க சார், இதுக்குக் கிரீஸ் அடிச்சு வருசக்கணக்காகும் போல இருக்குதுங்களே?”

வீட்டுக்குப் போய் முந்தைய மூன்று சர்வீஸ் பில்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஷாஃப்ட் கிரீஸுக்கென்று ஒரு வரியும் அதற்கு ஒரு தொகையும் இருந்தன. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் கிரீஸ் அடிக்கும் இடமே கிடையாது. ஆகவே இளம் மெக்கானிக்குகளுக்கு அங்கே பார்க்க வேண்டும் என்ற பழக்கமே இல்லை. லேண்ட் குரூசரில் முன், பின் இரு ஷாஃப்டுகளிலும் நிப்பிள்கள் இருக்கின்றன. சறுக்கு இணைப்பு உலர்ந்தால், வண்டி நிற்கும்போது சீராக நழுவ வேண்டிய பகுதி சிக்கிக்கொண்டு பிறகு விடுபடும். அந்த ஓசைதான் ‘டக்’. கிரீஸ் துப்பாக்கியால் ஏழெட்டு அழுத்தம் கொடுத்ததும் கறுத்து இறுகிய பழைய கிரீஸ் ஓரமாகப் பிதுங்கி வந்தது. செலவு சில நூறு ரூபாய். இடி நின்றுவிட்டது, இன்றுவரை திரும்பவில்லை.

பார்க்க வேண்டிய இடம் இப்படிக் கைக்கு எட்டுவதுதான், ஐரோப்பிய வண்டிகளோடு ஒப்பிடும்போது நான் முதலில் சொல்லும் வேறுபாடு. ஆடி நிறுவனத்தின் மூன்று லிட்டர் டீசல் இன்ஜினிலும் பி.எம்.டபிள்யூவின் என்57 இன்ஜினிலும் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின், கியர்பாக்ஸை ஒட்டிய பின்பக்கத்தில் இருக்கிறது. செயினோ அதன் பிடிப்பானோ தேய்ந்தால், பொருளின் விலையைவிட அதை எட்டுவதற்குப் பிரித்துப் போடும் கூலி பெரிதாகிவிடும். மெர்சிடிஸின் ஓ.எம்.642 டீசலில் ஆயில் கூலர் ‘வி’யின் பள்ளத்துக்குள் இருக்கிறது, அதன் ரப்பர் சீல் காலப்போக்கில் கசிவது உலகெங்கும் அறியப்பட்ட குறை, அந்தச் சிறிய சீலுக்காக மேலேயுள்ள டர்போ முதல் மானிஃபோல்டு வரை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ரேஞ்ச் ரோவரும் மெர்சிடிஸின் ஜி.எல்.எஸ்.ஸும் காற்றுப் பைகளின் மேல் நிற்கின்றன. பயணம் மெத்தைபோல இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரப்பர் பை வயதாகி வெடிப்பு விட்டுக் கசியத் தொடங்கினால், அழுத்தத்தை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடி அதுவும் சேர்ந்து போகும். என்னுடைய லேண்ட் குரூசர் நான்கு இரும்புச் சுருள் ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. ஒப்பிட்டால் குலுக்கல் அதிகம். உள்ளே இருக்கும் திரையும் பொத்தான்களும் அன்றே பழையவை, இன்று பழங்காலத்தவை. அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

எட்டாத இடத்தில் பொருளை ஒளித்துவைக்கும் வழக்கம் லேண்ட் குரூசருக்கு அறவே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. இதன் செல்ஃப் மோட்டார் இருப்பதும் ‘வி’யின் பள்ளத்தில்தான், இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மானிஃபோல்டுக்கு அடியில். அதை வெளியே எடுக்க ஒரு முழுநாள் வேலை. ஆகவே 1,60,000 கிலோமீட்டரில் மானிஃபோல்டைக் கழற்றிக் கரி சுத்தம் செய்த சமயத்திலேயே, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த செல்ஃப் மோட்டாரையும் எடுத்து, அதன் தொடுமுனைகளைப் புதிதாகப் போட்டுவிட்டேன். அதே வாரத்தில் கூலண்ட் ஹோஸ்களும் வாட்டர் பம்பும் ரேடியேட்டரும் மாறின. ஒன்றும் கெட்டிருக்கவில்லை, வயதைப் பார்த்து மாற்றினேன். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் ஆனது. வண்டி நடுவழியில் நின்றதில்லை என்று நான் முதலில் எழுதிய வாக்கியத்துக்குள் இந்தத் தொகையும் அடங்கியிருக்கிறது.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை, இங்கே ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் ஃபில்டர், பிரேக் பேட் தவிர மற்றவற்றை ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சில பொருட்களுக்கு மூன்று வாரம், சிலவற்றுக்கு இரண்டு மாதம். ஆனால் இந்த வண்டியின் தாய்வீடு ஒருவகையில் வளைகுடா நாடுகள்தான். என் மைத்துனர் ஷார்ஜாவில் இருக்கிறார். அங்கே தொழிற்பேட்டைக் கடைகளில் புதிய உதிரிபாகமும், பிரித்துப்போட்ட வண்டியிலிருந்து எடுத்ததும் மலைபோலக் கிடைக்கின்றன. ஊருக்கு வரும்போது அவருடைய பெட்டியில் பேரீச்சம்பழத்துக்கும் போர்வைக்கும் இடையே சஸ்பென்ஷன் புஷ் நான்கு, தெர்மோஸ்டாட் ஒன்று என்று ஏதாவது இருக்கும். என் தங்கைக்கு அதில் வருத்தம் உண்டு. பாக எண்ணைச் சரியாக எழுதி அனுப்ப வேண்டும் என்பது மட்டும் முக்கியம். வளைகுடாவில் பெட்ரோல் வண்டிகளே அதிகம் ஓடுவதால், வெறுமனே ‘200க்கு’ என்று கேட்டால் வேறொரு இன்ஜினின் பொருள் வந்துசேரும்.

டயர் 285/60 ஆர் 18 அளவு. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் டார்சன் டிஃபரன்ஷியல் நடுவே இருக்க, நான்கு சக்கரங்களும் எந்நேரமும் இணைந்தே இயங்குவதால், இரண்டு புதிது இரண்டு பழையது என்று கலந்து போடுவது நல்லதல்ல. மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு லட்சத்தை ஒட்டி ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்திருப்பது சிறிய ஆறுதல். பிரேக்கின் கதை மலையில்தான் தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மாதம் ஒருமுறையாவது நான் அந்தப் பாதையில் போய்வருகிறேன். ஏறும்போது இந்த இன்ஜினுக்கு அது மலை என்றே தெரியாது. இறங்கும்போது 2.7 டன்னும் முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து வருகிறது. கியரைக் கைமுறையில் இரண்டாவதில் வைத்து இறக்காவிட்டால், ஆழியாறு சோதனைச் சாவடிக்கு வரும்போது பேட் கருகிய வாடை வண்டிக்குள்ளேயே அடிக்கும். முன்பு ஓட்டிய டிரைவர் பிரேக்கை மட்டுமே நம்பி இறக்கியதால் முன் பேட் 18,000 கிலோமீட்டரில் தீர்ந்தது. ஓட்டும் முறையை மாற்றிய பிறகு 35,000 வரை வருகிறது.

இன்ஷூரன்ஸில் ஒரு நுணுக்கம் உண்டு. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் கார்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 7,897 ரூபாய் என்பது அரசு நிர்ணயித்தது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியமோ வண்டியின் அறிவிக்கப்பட்ட மதிப்பைப் பொறுத்தது. மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சப்படுத்தலாம் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். ஆனால் நான் சொல்லும் நுணுக்கம் வேறு: வண்டி பத்து வயதைத் தாண்டிவிட்டால், பழுதுபார்ப்புத் தொகையில் உலோகப் பாகங்களுக்கே 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வயது எதுவானாலும் 50 சதவீதம். தேய்மானம் கழிக்காத பாலிசி இந்த வயதில் கிடைப்பது அரிது. அதாவது முன் பம்பரும் விளக்கும் நொறுங்கினால், இன்ஷூரன்ஸ் இருந்தும் பாதிப் பணம் நம் கையிலிருந்து போகும். அதற்காகத் தனியே ஒரு தொகையை வங்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டும் என் கணக்கில், ஒரு கிலோமீட்டருக்கு டீசல் 13 ரூபாய், டயர் 2, சர்வீஸ் ஒன்றரை, பிரேக்குக்கும் சில்லறைக்கும் 1, இன்ஷூரன்ஸ் 3, மேலே சொன்ன பெரிய வேலை ஒன்றரை என்று 22 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 37,000 ரூபாய். டிரைவர் சம்பளமும் வண்டியின் விலை இறக்கமும் இதில் சேரவில்லை. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் இன்னோவா இதே ஊரில் இதே சாலையில் ஓடுகிறது என்பதை நான் மறக்கவில்லை. மலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசி ஆறு கிலோமீட்டர் மண்சாலை மட்டும் இல்லாவிட்டால், நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு டெல்லி வண்டிகள் மலிவாகக் கண்ணில் படும். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்ததிலிருந்து, அங்கே வயதான பெரிய டீசல் வண்டிகள் தெற்கு நோக்கி வரத் தொடங்கின. தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி என்று மூன்றும் சேர்ந்த பிறகு விலையில் தெரிந்த லாபம் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய கார்களுக்கு இங்கே ஆயுள் வரி 20 சதவீதம். வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும் என்றாலும், கணக்கு வண்டியின் ஆரம்ப விலையிலிருந்துதான் தொடங்கும். எங்கிருந்து வந்த வண்டியானாலும், இரவு முழுக்க நின்ற இன்ஜினைக் காலையில் நாமே முதலில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்; விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மை. இதற்கு அடுத்து வந்த 300 வரிசை இந்தியாவில் இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது. ஜப்பானிலேயே அதற்கு நான்கு ஆண்டுவரை காத்திருக்க நேரலாம் என்று 2022இல் டொயோட்டா அறிவித்தது. என் வண்டிக்கும் இப்போது நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கேட்கிறார்கள். ஆனால் 2028இல் அதன் பதிவுக்குப் பதினைந்து ஆண்டு நிறைகிறது. 2022 ஏப்ரல் முதல், பதினைந்து ஆண்டு கடந்த சாதாரணக் காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய். இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்கு 40,000 ரூபாய். அதைக் கட்டி இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டுவதென்று முடிவு செய்து, இந்த மாதம்தான் மைத்துனருக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டின் பாக எண்ணை எழுதி அனுப்பினேன்.